கெரான் காணாமல் போனால் நிலமும் போய்விடுமா? சிம்பாங் ரெங்கம் வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிம்பாங் ரெங்கம், ரெங்கம், மாச்சாப், லாயாங்-லாயாங் வட்டாரத்தில் தாத்தா காலத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம், செம்பனைத் துண்டு அல்லது டவுனில் ஒரு வீட்டு மனை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார்கள். நிலத்தை விற்கணும், பெயர் மாற்றணும், வங்கியில் கடன் எடுக்கணும் என்று பேச்சு வரும்போதுதான் அந்தக் கேள்வி எழும்: "கெரான் எங்கே?"

பெட்டியில் இல்லை. அலமாரியில் இல்லை. பெரியப்பாவிடம் கேட்டால் சின்ன அத்தையைக் கைகாட்டுகிறார். வெள்ளத்தில் போயிருக்கலாம், வீடு மாறும்போது குப்பையோடு போயிருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம்.

இந்த நிலையில் நீங்கள் இருந்தால், முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று: காகிதம் தொலைந்ததால் நிலம் உங்கள் கையை விட்டுப் போகாது. இரண்டு: தொலைந்தது தெரிந்தும் சும்மா இருந்தால், நிலம் போகவும் வாய்ப்பு உண்டு. முதலாவது ஏன், இரண்டாவது எப்படி, நடுவில் நீங்கள் என்ன செய்யணும் என்பதைப் பார்ப்போம்.

காகிதம் போனாலும் நிலம் ஏன் போகாது?

தீபகற்ப மலேசியாவில் நில உரிமையை நிர்ணயிப்பது தேசிய நிலச் சட்டம். 1965இல் இயற்றப்பட்டு, 1966 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு இப்போது சட்டம் 828 என்ற எண்ணில் இருக்கிறது. (சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனி நிலச் சட்டங்கள் உண்டு. இங்கே சொல்லப்படுவது அவற்றுக்குப் பொருந்தாது.)

இந்தச் சட்டம் டோரன்ஸ் முறையைப் பின்பற்றுகிறது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை இது. இதன் சாரம் எளிமையானது: அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உரிமையாளர்.

ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று, பதிவு அலுவலகத்திலேயே இருக்கும் பதிவு ஆவணம். இப்போது இது கணினியில் இருக்கிறது. மற்றொன்று, உரிமையாளரிடம் கொடுக்கப்படும் வெளியீட்டு ஆவணம். நாம் 'கெரான்' என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். மலாயில் 'டோகுமென் ஹக்மிலிக் கெலுவாரான்'.

ஆக, உங்களிடம் தொலைந்தது உரிமையாளருக்குரிய பிரதி மட்டுமே. பதிவேட்டில் இருப்பது அப்படியே இருக்கிறது.

அப்படியானால் கெரான் எதற்கு? அது ஒரு சாவி மாதிரி. நிலத்தை விற்க 14ஏ பாரத்தைப் பதிவு செய்யணும் என்றாலும், வங்கிக்கு அடமானம் வைக்கணும் என்றாலும் கெரானைச் சேர்த்துக் கொடுக்கணும். அது இல்லாமல் சாதாரணமாக எந்தப் பரிவர்த்தனையும் நகராது. அதே காரணத்தால்தான் அது தவறான கைக்குப் போவதும் ஆபத்து.

முதல் வேலை: நிஜமாகவே தொலைந்ததா?

போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன் நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்யுங்கள். இரண்டு வகை உண்டு. 'காரியான் பெர்செண்டிரியான்' என்பது தனியார் தேடல். 'காரியான் ராஸ்மி' என்பது அதிகாரபூர்வத் தேடல். பதிவதிகாரியின் சான்றிதழோடு கிடைக்கும். கெரான் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹக்மிலிக் எண் அல்லது லாட் எண், முக்கிம் பெயர் தெரிந்தால் போதும். இவை பழைய நிலவரி பில்லில், அதாவது 'சுக்காய் தானா' ரசீதில் இருக்கும். அந்த ரசீது ஒன்றாவது வீட்டில் எங்கேயாவது கிடைக்கும். தேடிப் பாருங்கள்.

தேடல் முடிவு வந்ததும் கவனமாகப் படியுங்கள். பல குடும்பங்களில் 'தொலைந்த கெரான்' என்பது கீழ்க்காணும் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

வங்கியில் இருக்கலாம். நிலத்தின் மேல் 'காடாயான்', அதாவது அடமானம் பதிவாகியிருந்தால், கெரானை வைத்திருக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் அடமானத்தை நீக்கும் 16என் பாரம் பதிவாகாமலே கிடந்திருக்கும். அப்படியானால் வங்கிக்குத்தான் கடிதம் எழுதணும்.

கடன் கொடுத்தவரிடம் இருக்கலாம். கெரானை ஒருவரிடம் கொடுத்துப் பணம் வாங்கினால், அவர் நிலத்தின் மேல் பற்றுரிமை கேவியட் போட முடியும். அது தேடலில் தெரியும். இப்படி அடகு வைத்ததைத் 'தொலைந்துவிட்டது' என்று சத்தியம் செய்வது பொய்ச் சத்தியம். இதை மறக்க வேண்டாம்.

கெரானே வராமல் இருந்திருக்கலாம். சில வீடமைப்புத் திட்டங்களில் தனித்தனி உரிமைப் பத்திரம் பிரிக்கப்படாமல், முழு நிலமும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருக்கும். உங்களிடம் இருப்பது விற்பனை ஒப்பந்தம் மட்டுமே. அப்படியானால் தொலைந்ததற்கு மாற்று கேட்க முடியாது. தனிப் பத்திரம் கேட்டு மேம்பாட்டாளரிடம் போகணும்.

முதலிலிருந்தே அது கெரானாக இல்லாமல் இருந்திருக்கலாம். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் (பழைய பெயர் டி.ஓ.எல்., இப்போது எல்.பி.எஸ்.) நில உரிமை ஆகாது. அதைக் கைமாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அது முடிந்துவிடும். அதேபோல, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பணம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தச் சங்கம் வாங்கிய தோட்டங்கள் சங்கத்தின் பெயரில் இருக்கும். தாத்தாவிடம் இருந்தது பங்குச் சான்றிதழாக இருந்தால், நில அலுவலகத்தில் தேடிப் பயனில்லை; சங்கத்தைத்தான் கேட்கணும்.

இவை எதுவும் இல்லை, பதிவேட்டில் உங்கள் குடும்பத்தவர் பெயர் இருக்கிறது, அடமானம் இல்லை, யாரிடமும் கொடுத்ததாகத் தகவலும் இல்லை என்றால், அது தொலைந்த கெரான்தான். அடுத்த படிக்குப் போகலாம்.

எந்த அலுவலகத்துக்குப் போகணும்?

பலர் அலைவது இங்கேதான். சிம்பாங் ரெங்கத்துக்குத் தனி மாவட்ட மன்றம் இருக்கிறது. ஆனால் கெரான் விஷயம் மாவட்ட மன்றத்தின் வேலை இல்லை. நில நிர்வாகத்தில் சிம்பாங் ரெங்கம் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலம் கொஞ்சம் தள்ளி ஆயர் ஈத்தாமில் இருந்தால் அது பத்து பகாட் மாவட்டம். பெனுட்டில் இருந்தால் பொந்தியான். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்து, ஹக்மிலிக் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

ஜி.எம். (கெரான் முக்கிம்), பி.எம். (பஜாக்கான் முக்கிம்), எச்.எஸ்.(எம்) என்று இருந்தால் அது நில அலுவலகப் பத்திரம். நான்கு ஹெக்டருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு, மேற்படாத கிராமப்புற நிலங்கள் பொதுவாக இந்த வகை. பதிவேடு இருப்பது குளுவாங் நில அலுவலகத்தில்.

ஜி.ஆர்.என். (கெரான்), பி.என். (பஜாக்கான் நெகிரி), எச்.எஸ்.(டி) என்று இருந்தால் அது மாநிலப் பதிவகப் பத்திரம். டவுன் மனைகளும் பெரிய நிலங்களும் இந்த வகை. இதற்குப் பொறுப்பு ஜொகூர் மாநில நில, கனிமவள அலுவலகம். இஸ்கண்டார் புத்திரியின் கோத்தா இஸ்கண்டாரில் இருக்கிறது.

'பஜாக்கான்' என்று இருந்தால் குத்தகைக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். காலம் முடியும் தறுவாயில் இருந்தால், மாற்றுக் கெரானோடு குத்தகை நீட்டிப்பையும் யோசிக்கணும்.

நிலம் உங்கள் பெயரில், அல்லது உயிரோடு இருக்கும் அப்பா அம்மா பெயரில் இருந்தால்

இதுதான் சுலபமான வழி. வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, கெரான் தொலைந்துவிட்டது அல்லது அழிந்துவிட்டது என்று பதிவதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மாற்றாக 'ஹக்மிலிக் சம்போங்கான்' வெளியிடலாம். விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். அவருக்கு நடமாட முடியவில்லை என்றால், பிள்ளைகள் சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது. என்ன ஏற்பாடு செய்யலாம் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு அவரை அழைத்துச் செல்லுங்கள்.

முதலில் போலீஸ் புகார். எப்போது கடைசியாகப் பார்த்தது, எப்போது காணாமல் போனது தெரியவந்தது, எங்கெல்லாம் தேடினீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஹக்மிலிக் எண், லாட் எண், முக்கிம் மூன்றும் புகாரில் சரியாக இருக்கணும். ஓர் எண் பிசகினாலும் திரும்ப வரச் சொல்வார்கள்.

அடுத்து சத்தியப் பிரமாணம். மலாயில் 'சுராட் அக்குவான் பெர்கானுன்'. 1960ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ், சத்தியப் பிரமாண ஆணையர் ('பெசுருஹ்ஜாயா சும்பா') முன்னிலையில் உரிமையாளர் நேரில் கையெழுத்திடணும். கெரான் தொலைந்தது, அதை யாரிடமும் அடகாகவோ கடனுக்கு ஈடாகவோ கொடுக்கவில்லை, கிடைத்தால் ஒப்படைக்கிறேன் என்பவை இதில் இருக்கணும். பொய் சொன்னால் குற்றவியல் சட்டப்படி தண்டனை உண்டு.

இவற்றோடு அடையாள அட்டை நகல், புதிய அதிகாரபூர்வத் தேடல் சான்றிதழ், இந்த ஆண்டு நிலவரி கட்டிய ரசீது, விண்ணப்பப் பாரம், கட்டணம். வரி பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கணும். நிலவரி ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் கட்ட வேண்டியது. ஜூன் 1 முதல் அது பாக்கிக் கணக்கில் சேரும்.

விண்ணப்பம் போனதும் அலுவலகம் விசாரிக்கும். மாற்றுப் பத்திரம் வெளியிடப் போகிறோம் என்று 10ஏ பாரத்தில் அறிவிப்பு வந்து, அது அரசிதழில் வெளியாகும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கான வாய்ப்பு அது. அதனால் இந்த வேலை ஒரு வாரத்தில் முடியாது. நில விற்பனை பேசிக்கொண்டிருந்தால், வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் கால அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பத்திரம் வந்த பிறகு பழைய கெரானுக்கு மதிப்பு இல்லை. பின்னால் அது பழைய புத்தகத்துக்குள் கிடைத்தால், நினைவுக்காக வைத்துக்கொள்ளாமல் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

நிலம் தாத்தா பெயரில், தாத்தா இல்லை

பெரும்பாலான இளைஞர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். இங்கே கெரான் தொலைந்தது இரண்டாவது பிரச்சினை. உரிமையாளர் இறந்த பிறகு நிலம் யாருக்கும் சட்டப்படி போய்ச் சேரவில்லை என்பதுதான் முதல் பிரச்சினை. பேரன் என்ற முறையில் நீங்கள் மட்டும் போய்க் கெரான் கேட்டால் கிடைக்காது.

தாத்தா உயில் எழுதாமல் இறந்து, விட்டுப் போன மொத்தச் சொத்தில் நிலம் இருந்து, அதன் மதிப்பு 5 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்படாமல் இருந்தால் அது சிறிய சொத்து ('ஹார்த்தா பூசாக்கா கெச்சில்'). முன்பு இந்த வரம்பு 2 மில்லியன் ரிங்கிட்டாக இருந்தது. 2024 ஜூலை 15 முதல் 5 மில்லியனாக உயர்ந்தது. 1955ஆம் ஆண்டு சிறிய சொத்துகள் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் இதை நீதிமன்றத்துக்குப் போகாமலே முடிக்கலாம். கவனிப்பது ஜே.கே.பி.டி.ஜி. எனப்படும் கூட்டரசு நில, கனிமவள இயக்குநர் துறையின் சொத்துப் பங்கீட்டுப் பிரிவு. நிலம் குளுவாங் மாவட்டத்தில் இருந்தால் விண்ணப்பமும் அந்த மாவட்டத்துக்குரியது.

'போரங் ஏ'யை நிரப்பி, இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பட்டியல், அவர்களின் அடையாள அட்டை நகல்கள், நிலத்தின் தேடல் சான்றிதழ் ஆகியவற்றோடு கொடுக்கணும். கெரான் தொலைந்துவிட்டது என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிப் போலீஸ் புகாரையும் இணையுங்கள். விசாரணை நாளில் வந்து சொன்னால் விசாரணை தள்ளிப் போகும். பங்கீட்டு ஆணை வந்து, அது பதிவாகிப் புதிய பத்திரம் வாரிசுகளின் பெயரில் வெளியாவதற்கு இந்தப் புகார் தேவைப்படும்.

விசாரணைக்கு எல்லா வாரிசுகளும் அழைக்கப்படுவார்கள். வர முடியாதவர்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் தரணும். கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை எல்லாரிடமும் முதலில் பேசிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பங்கு 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி நடக்கும். உதாரணத்துக்கு, ஒருவர் இறக்கும்போது மனைவியும் பிள்ளைகளும் இருந்து பெற்றோர் இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஆண், பெண் வேறுபாடு இல்லை. 'கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்குப் பங்கு இல்லை' என்று வீட்டில் சொல்வது சட்டம் இல்லை.

இதில் அடிக்கடி வரும் இரண்டு சிக்கல்கள்:

பெயர் வேறுபாடு. கெரானில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அந்தக் காலத்தில் அதிகாரி காதில் விழுந்ததை எழுதினார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சத்தியப் பிரமாணமும், தேசியப் பதிவுத் துறையின் உறுதிப்படுத்தலும் தேவைப்படலாம். பழைய அடையாள அட்டை எண் இங்கே உதவும்.

ஊருக்குப் போய்த் திரும்பாதவர். தமிழ்நாட்டுக்குப் போன தாத்தா அங்கேயே இறந்திருந்தால், அங்கிருந்து இறப்புச் சான்றிதழ் பெறணும். ஏழு ஆண்டுகளாக அவரைப் பற்றி எந்தத் தகவலுமே இல்லை என்றால், 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க உயர்நீதிமன்றத்தை நாடலாம். இதற்கு வழக்கறிஞர் தேவை.

நீதிமன்றம் எப்போது?

சாதாரணமாகக் கெரான் தொலைந்தால் நீதிமன்றம் தேவையில்லை என்று பார்த்தோம். தேவைப்படும் நேரங்களும் உண்டு.

உயில் இருந்தால், அல்லது சொத்து 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டினால், பொதுவாக உயர்நீதிமன்றத்தில் நிர்வாக உரிமை பெறணும். ஜொகூரில் உயர்நீதிமன்றம் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் இருக்கிறது.

பதிவதிகாரி உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தால், தேசிய நிலச் சட்டத்தின் 418ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்த மூன்று மாதக் கணக்கு முக்கியம். 'பார்த்துக்கலாம்' என்று கடிதத்தை மேசையில் போட்டுவிட வேண்டாம்.

கெரான் தொலையவில்லை, ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறார் என்றால், அதையும் 166ஆம் பிரிவு கவனிக்கிறது. நியாயமில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாலும் மாற்றுப் பத்திரம் கேட்கலாம். ஆனால் அவர் தமக்கு உரிமை உண்டு என்று வாதாடினால், விஷயம் நீதிமன்றத்தில்தான் முடியும்.

யாரோ போலிக் கையெழுத்துப் போட்டு நிலத்தை மாற்றிவிட்டார்கள் என்றால், உடனே உயர்நீதிமன்றம். இந்தக் கடைசிக் காரணத்தால்தான் காலதாமதம் கூடாது என்கிறோம்.

ஏன் அவசரம்? பினாங்கில் நடந்தது

பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு நிலம் இருந்தது. அவர் தாய்லாந்தில் வாழ்ந்தார். 1988இல் வேறொரு பெண், தானே அந்த உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு, கெரான் தொலைந்துவிட்டது என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தார். மாற்று ஆவணம் பெற்றார். பெயரின் எழுத்தில் இருந்த வேறுபாட்டுக்கு இன்னொரு சத்தியப் பிரமாணம். 1989இல் நிலம் அடோர்னா என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது.

கவனியுங்கள்: நேர்மையான உரிமையாளர் எந்த வழியில் போகிறாரோ, அதே வழியில்தான் மோசடிக்காரரும் போனார். போலீஸ் புகார், சத்தியம், அறிவிப்பு என்று நில அலுவலகம் இவ்வளவு கேட்பது உங்களை அலைக்கழிக்க இல்லை.

உண்மையான உரிமையாளர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. நில உரிமையாளர்களைப் பத்து ஆண்டுகள் கலங்க வைத்த தீர்ப்பு அது.

2010 ஜனவரியில் தான் யிங் ஹோங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கியது. குவாந்தானில் இருந்த நிலத்தை, போலி அதிகாரப் பத்திரத்தை வைத்து வங்கியில் அடமானம் வைத்த வழக்கு அது. இப்போதைய நிலை இதுதான்: போலி ஆவணத்தின் மூலம் நேரடியாக வாங்கியவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உண்மையான உரிமையாளர் அந்தப் பதிவை நீக்கச் சொல்லலாம். ஆனால் அவரிடமிருந்து, விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்குச் சட்டம் 340ஆம் பிரிவில் பாதுகாப்புக் கொடுக்கிறது.

எளிமையாகச் சொன்னால், நிலம் முதல் கைக்குப் போனபோது கண்டுபிடித்தால் மீட்கலாம். இரண்டாவது கைக்குப் போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். வெளியூரில் வேலை, நிலத்தைப் பார்க்கப் போகிறதில்லை, வரி யார் கட்டுகிறார்கள் என்றே தெரியாது என்றால், இரண்டாவது கை வரை போனது தெரியாமலே இருக்க வாய்ப்புண்டு.

அதனால் கெரான் திருடு போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், மாற்றுப் பத்திரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். போலீஸ் புகார் நகலோடு பதிவதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, 'கேவியட் பெண்டாஃப்தார்' போடும்படி கேளுங்கள். மோசடியையோ முறைகேடான பரிவர்த்தனையையோ தடுக்கப் பதிவதிகாரி இந்தத் தடையைப் போடலாம் என்று 320ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் கேவியட் என்பது வேறு. அதற்கு 19பி பாரம், ஆறு ஆண்டு காலம் செல்லும். நிலத்தில் உரிமை கோருபவர் போடுவது அது. உரிமையாளரே தம் நிலத்துக்குப் போட முடியுமா, வாரிசு போட முடியுமா என்பதில் சட்டச் சிக்கல் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் போட வேண்டாம். காரணமில்லாமல் போட்டால் நஷ்டஈடு கட்ட நேரிடும்.

யூடியூபில் தமிழில் தேடுகிறீர்களா? ஒரு எச்சரிக்கை

'பத்திரம் தொலைந்தால் என்ன செய்வது' என்று தமிழில் தேடினால், வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்கள். சார்பதிவாளர் அலுவலகம், பட்டா, வில்லங்கச் சான்று, சான்றிட்ட நகல் என்று சொல்வார்கள். அங்கே அது சரி. அங்கே பதிவாவது ஆவணம். விற்பனைப் பத்திரம், பட்டா, பழைய பத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் உரிமையை முடிவு செய்கிறார்கள். அதனால் மூலப்பத்திரம் தொலைவது அங்கே பெரிய விஷயம்.

இங்கே பதிவாவது உரிமை. ஒரு தேடல் சான்றிதழே யார் உரிமையாளர் என்று சொல்லிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, இல்லாத ஆவணத்தைத் தேடி அலைய வேண்டாம். 'நான் பார்த்துத் தர்றேன்' என்று சொல்லும் தரகரிடம் பணம் கட்டவும் வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

வீட்டில் இருக்கும் பழைய நிலவரி ரசீதைத் தேடி எடுங்கள். அதில் இருக்கும் ஹக்மிலிக் எண்ணையும் லாட் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இல்லாமல், நம்பகமான இரண்டு பேரிடம் மட்டும் வையுங்கள்.

நிலவரி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து கட்டாமல் விட்டால் 6ஏ பாரத்தில் நோட்டீஸ் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் நிலத்தை அரசாங்கம் பறிமுதல் செய்யலாம். நோட்டீஸ் போவது பதிவேட்டில் இருக்கும் பழைய முகவரிக்கு. அந்த எஸ்டேட் லயத்தில் இப்போது யாரும் இல்லை என்றால், கடிதம் யார் கைக்கும் வராது. முகவரியைப் புதுப்பியுங்கள்.

ஒரு தேடல் செய்து, யார் பெயரில், என்ன தடையோடு நிலம் இருக்கிறது என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வரி கட்டும் மே மாதத்தில், அதே தேடலைத் திரும்பச் செய்யுங்கள். மோசடி நடந்திருந்தால் சீக்கிரம் தெரியவர இதைவிட மலிவான வழி இல்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை ('ஜபாத்தான் பந்துவான் குவாமான்') அணுகுங்கள். தகுதி வருமானத்தைப் பொறுத்தது. சொத்துப் பங்கீட்டு விஷயங்களுக்கும் அங்கே உதவி கிடைக்கும்.

கடைசியாக, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்த நிலம், யார் பெயரில், கெரான் யாரிடம். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். 'சொத்துக்கு அலையுறான்' என்று யாராவது சொல்லவும் சொல்வார்கள். உரிமையாளர் உயிரோடு இருந்தால் ஒரு போலீஸ் புகாரும் ஒரு சத்தியப் பிரமாணமும் போதும்; அவர் போன பிறகு அதே வேலைக்கு எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் தேவை. இதை அவர்களிடமே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.